தண்ணீருக்குள் இருக்கும் பயம்: நீரடி அரக்கப் படங்களைப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

பேய்ப் படம் பார்க்கும்போது எல்லோருக்கும் ஒரு கேள்வி வரும்: அந்த வீட்டை விட்டு ஓடிவிட வேண்டியதுதானே? கொலைகாரன் துரத்தும் படத்திலும் கதவைத் திறந்துகொண்டு தெருவுக்கு வந்துவிட்டால் பாதி பயம் போய்விடும். தண்ணீருக்கு அடியில் நடக்கும் படத்தில் அந்தக் கேள்விக்கே இடமில்லை. ஓடுவதற்குக் கால் ஊன்றத் தரை கிடையாது. கத்த வாயைத் திறந்தால் தண்ணீர் புகுந்துவிடும். மேலே வந்து தப்பிக்கலாம் என்றால், ஆழத்திலிருந்து அவசரமாக வந்தவரின் உடம்பே, அழுத்தம் சட்டென்று குறைவதால், அவருக்கு எதிரியாகிவிடும். அரக்கன் இன்னும் வரவே இல்லை, அதற்குள் இத்தனை சிக்கல்.

பல வருடங்களாக இந்த வகைப் படங்களைத் தேடித் தேடிப் பார்த்து வருகிறேன். எனக்குத் தெரிந்து இந்தப் படங்களில் உண்மையான அரக்கன் தண்ணீர்தான். சுறா, கணவாய், முதலை, பெயர் தெரியாத ஆழ்கடல் ஜந்து எல்லாமே அந்தத் தண்ணீருக்கு முகமும் பல்லும் கொடுக்க வந்தவை. இதைப் புரிந்துகொண்டு எடுத்த படம் ஐம்பது வருடம் ஆனாலும் நிற்கிறது. புரியாமல் எடுத்தவர்கள் ஜந்துவை மட்டும் பெரிதாக்கிக்கொண்டே போகிறார்கள், இரண்டு நாளில் படம் மறந்துவிடுகிறது.

எங்கே தொடங்குவது, எந்த வரிசையில் பார்ப்பது, எதைக் கவனிப்பது என்று இந்த வகைக்குப் புதிதாக வருபவர்களுக்காகப் படிப்படியாகச் சொல்கிறேன். எந்தப் படத்தின் முடிவையும் சொல்லப் போவதில்லை, தைரியமாகப் படிக்கலாம்.

படி 1: முதலில் தண்ணீரைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஆழம் தெரியாமல் காலை விடக்கூடாது என்பார்கள். இந்தப் படங்களுக்கும் அது பொருந்தும். தண்ணீர் நம் உடம்பையும் புலன்களையும் என்ன செய்கிறது என்று கொஞ்சம் தெரிந்தால் படத்தின் பயம் இரண்டு மடங்காகும்.

கண்ணிலிருந்து தொடங்கலாம். சூரிய ஒளியில் சிவப்பு நிறம்தான் தண்ணீரில் முதலில் காணாமல் போகிறது. பத்து மீட்டர் ஆழம் போவதற்குள் பெரும்பகுதி மங்கிவிடும். அதற்குக் கீழே விளக்கு இல்லாமல் பார்த்தால் ரத்தம்கூடப் பச்சையாகவோ கறுப்பாகவோதான் தெரியும். 200 மீட்டருக்குக் கீழே செடி கொடி வளரப் போதுமான வெளிச்சம் கிடையாது. 1000 மீட்டருக்குக் கீழே சூரியன் என்ற ஒன்று இருப்பதற்கே அடையாளம் இல்லை. பூமியில் உயிர்கள் வாழும் இடத்தின் பெரும்பகுதி இந்த இருட்டில்தான் கிடக்கிறது.

அடுத்து காது. காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது, தண்ணீரில் சுமார் 1500 மீட்டர். ஒரு சத்தம் இடது காதுக்கு முதலில் வந்ததா வலது காதுக்கு வந்ததா என்பதை வைத்துத்தான் மூளை திசையைக் கணிக்கிறது. தண்ணீருக்குள் இரண்டு காதுக்கும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்துவிடுவதால் திசை பிடிபடாது. ஏதோ ஒன்று இருக்கிறது, எங்கே என்று தெரியவில்லை. திகில் பட இயக்குநர் ஒருவர் உட்கார்ந்து யோசித்தாலும் இதைவிட நல்ல ஏற்பாட்டைக் கண்டுபிடிக்க முடியாது.

மூன்றாவது அழுத்தம். ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. ஐம்பது மீட்டர் ஆழத்தில் ஒருவர் இழுக்கும் ஒவ்வொரு மூச்சும் மேலே இழுப்பதைப்போல ஆறு மடங்கு காற்றைத் தின்கிறது. பயத்தில் வேகமாக மூச்சு வாங்கினால் டேங்க் இன்னும் சீக்கிரம் காலியாகும். பயமே ஆளைக் கொல்லும் இடம் அது.

இதோடு ஒரு விஷயத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: கடல் நம்மிடம் இன்னும் எல்லாவற்றையும் காட்டிவிடவில்லை. டைனோசர் காலத்தோடு அழிந்துவிட்டதாக நம்பப்பட்ட சீலகாந்த் மீன் 1938-ல் தென்னாப்பிரிக்காவில் வலையில் சிக்கியது. மாலுமிகளின் கதைகளில் பல நூற்றாண்டுகளாக வந்த ராட்சதக் கணவாயை, அதன் சொந்த ஆழத்தில் உயிரோடு முதன்முதலாகப் படம்பிடித்தது 2004-ல்தான். ஜப்பானிய விஞ்ஞானிகள் சுமார் 900 மீட்டர் ஆழத்துக்குக் கேமராவையும் இரையையும் இறக்கி அதைச் சாதித்தார்கள். வீட்டுக்குள் பேய் இருக்கிறது என்றால் நம்பாத மனம், ஆழத்தில் ஏதோ இருக்கிறது என்றால் மறுக்கத் தயங்குவதற்கு இதெல்லாம்தான் காரணம்.

படி 2: பார்க்கும் இடத்தைத் தயார் செய்யுங்கள்

அறை இருட்டாக இருக்கட்டும். ஆழ்கடல் காட்சிகளில் திரையின் முக்கால்வாசி கறுப்புதான், பகல் வெளிச்சத்தில் பார்த்தால் உங்கள் முகம்தான் திரையில் தெரியும். செல்போனில் பார்க்காதீர்கள். நல்ல ஹெட்போன் இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். உலோகம் முனகும் ஓசை, முகமூடிக்குள் மூச்சு, தூரத்தில் எதுவோ இடிக்கும் சத்தம் என்று இந்தப் படங்களின் பாதிக் கதை காதில்தான் நடக்கிறது. தனியாகப் பார்ப்பது என் விருப்பம்.

படி 3: ஜாஸில் தொடங்குங்கள்

வேறு எதையும் முதலில் பார்க்க வேண்டாம். கடற்கரை ஊர் ஒன்றை மிரட்டும் சுறாவைப் பற்றி ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இயக்கி 1975-ல் வந்த 'ஜாஸ்' இந்த வகையின் அரிச்சுவடி.

இந்தப் படம் உருவான கதையே ஒரு பாடம். 55 நாளில் முடிப்பதாகத் திட்டமிட்ட படப்பிடிப்பு 159 நாள் இழுத்தது. ஸ்டுடியோ தொட்டியில் எடுக்காமல் நிஜக் கடலில் எடுத்தார்கள். இயந்திரச் சுறா உப்புத் தண்ணீரில் அடிக்கடி பழுதாகி நின்றது. சுறாவைக் காட்ட முடியாத நிலையில், அது இருப்பதை மட்டும் காட்ட வழி தேட வேண்டியிருந்தது. அப்படித்தான் அந்த மஞ்சள் பீப்பாய்கள் இத்தனை முக்கியமாயின. சுறாவின் உடம்பில் கட்டப்பட்ட பீப்பாய் தண்ணீரின் மேல் ஓடுகிறது, நிற்கிறது, மூழ்குகிறது. கீழே இருப்பதன் பலத்தை நாமே கணக்குப் போட்டுக்கொள்கிறோம். படம் தொடங்கி ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆன பிறகுதான் சுறாவின் தலையை ஒழுங்காகப் பார்க்கிறோம்.

பார்க்கும்போது நீர்மட்டத்தைக் கவனியுங்கள். கேமரா பல இடங்களில் நீச்சலடிப்பவரின் கண் உயரத்தில், தண்ணீர் லென்ஸில் மோதும்படி இருக்கும். பாதித் திரை காற்று, பாதித் திரை தண்ணீர். நாமும் கழுத்தளவு தண்ணீரில் நிற்பதுபோல ஆகிவிடுகிறது. திடீரென்று கேமரா கீழே போய், மேலே உதைத்துக்கொண்டிருக்கும் கால்களைப் பார்க்கும். அந்தப் பார்வை யாருடையது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் முதன்முறை பார்த்தபோது சோபாவின் மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டது நன்றாக நினைவிருக்கிறது. தரையில் தண்ணீர் இல்லை என்று தெரியும், ஆனாலும் கால் கீழே போகவில்லை.

ஜான் வில்லியம்ஸின் இசையும் இதே வேலையைச் செய்கிறது. அடுத்தடுத்த இரண்டே ஸ்வரங்கள், மெதுவாகத் தொடங்கி நெருங்கி வருகின்றன. கண்ணால் பார்க்க முடியாத சுறாவின் தூரத்தைக் காதால் அளக்கிறோம். இன்னொன்றையும் கவனியுங்கள். சிறுவர்கள் பொய்யான சுறாத் துடுப்பை வைத்து ஊரை ஏமாற்றும் இடத்தில் அந்த இசை வராது. படம் அந்த அளவுக்கு நம்மிடம் நேர்மையாக இருக்கிறது. பிறகு ஓரிடத்தில் இசையே இல்லாமல் சுறா வரும்போது தூக்கிவாரிப்போடுவதற்கு அந்த நேர்மைதான் காரணம்.

படத்தில் எனக்கு மிகவும் பிடித்த காட்சியில் சுறாவே இல்லை. இரவு, படகின் சின்ன அறை, மூன்று ஆண்கள் தங்கள் தழும்புகளைக் காட்டிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அதில் ஒருவர், 1945-ல் நீர்மூழ்கிக் கப்பலால் மூழ்கடிக்கப்பட்ட இண்டியானாபோலிஸ் என்ற போர்க்கப்பலிலிருந்து தான் உயிர்பிழைத்த கதையைச் சொல்கிறார். அந்தக் கப்பலும் அந்தச் சாவுகளும் வரலாற்றில் நிஜம். தண்ணீரில் பல நாள் மிதந்தவர்கள் வெயிலிலும் தாகத்திலும் சுறாக்களிடமும் மாண்டார்கள். ஒரு மனிதரின் முகத்தையும் குரலையும் மட்டும் வைத்துக்கொண்டு, கடலைக் காட்டாமலே கடலின் கொடூரத்தை முழுவதும் நம் முன் வைத்துவிடுகிறது அந்தக் காட்சி. அதன் போது போனைத் தொடாதீர்கள்.

படி 4: 1954-க்குப் பின்னோக்கிப் போங்கள்

கறுப்பு வெள்ளை என்று ஒதுக்கிவிட வேண்டாம். ஜாக் ஆர்னால்டு இயக்கி 1954-ல் வந்த 'கிரியேச்சர் ஃப்ரம் தி பிளாக் லகூன்' படத்தில் ஒரு பெண் நீரின் மேற்பரப்பில் மல்லாந்து நீந்திக்கொண்டிருப்பாள். அவளுக்கு நேர் கீழே, அவளைத் தொடாமல், அவள் அறியாமல், அந்த மீன்மனிதன் அதே வேகத்தில் நீந்தி வருவான். மேலே வெளிச்சம், கீழே நிழல், நடுவே ஓர் ஆள் உயரத் தண்ணீர். பின்னாளில் வந்த எத்தனையோ படங்களுக்கு இந்த ஒரு காட்சிதான் விதை.

நீருக்கடியில் அந்த உடைக்குள் இருந்தவர் ரிக்கோ பிரவுனிங். ஃப்ளோரிடாவின் தெளிந்த ஊற்று நீரில் எடுத்தார்கள். உடைக்குள் காற்று டேங்க் கிடையாது. ஒவ்வொரு ஷாட்டுக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நடித்தார், இடைவேளையில் குழாயில் காற்று வாங்கிக்கொண்டார். உண்மையான உடம்பு உண்மையான தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போவதால் வரும் அந்த மெதுவான அழகை கிராபிக்ஸில் கொண்டுவர இன்றும் சிரமப்படுகிறார்கள். ஜந்துவின் தோற்றத்தை வடிவமைத்தவர் மிலிசென்ட் பேட்ரிக். அந்தப் பெருமை அவருக்குப் பல பத்தாண்டுகள் கிடைக்காமலே இருந்தது, அதனால்தான் பெயரைக் குறிப்பிட்டுச் சொல்கிறேன்.

அதே 1954-ல் டிஸ்னி எடுத்த '20,000 லீக்ஸ் அண்டர் தி ஸீ' படத்தின் கணவாய்ச் சண்டையையும் தேடிப் பாருங்கள். முதலில் அதை அமைதியான கடல், அந்திச் சூரியன் என்ற பின்னணியில் எடுத்தார்கள். பொம்மை பொம்மையாகவே தெரிந்தது. பிறகு இரவு, புயல், மழை, நுரை என்று மாற்றி மறுபடி எடுத்தார்கள், உயிர் வந்துவிட்டது. ஜந்துவில் இருந்த குறையைத் தண்ணீர் மூடியது.

1955-ல் வந்த 'இட் கேம் ஃப்ரம் பினீத் தி ஸீ' படத்தின் ராட்சத ஆக்டோபஸுக்குப் பணம் மிச்சம் பிடிக்க ஆறு கைகள்தான் வைத்தார் ஸ்பெஷல் எஃபெக்ட்ஸ் கலைஞர் ரே ஹாரிஹாசன். ஸ்டாப் மோஷனில் ஒவ்வொரு கையையும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் படம்பிடிக்க வேண்டியிருந்த காலம் அது. பார்க்கும்போது கைகளை எண்ண யாருக்கும் தோன்றாது.

படி 5: அடைபட்ட இடத்துக்குள் இறங்குங்கள்

இதுவரை பார்த்தவை மேற்பரப்புக்கு அருகில் நடந்தவை. இனி கடலின் அடித்தளத்தில் கட்டிய நிலையங்கள். விண்வெளித் திகிலும் இதுவும் அண்ணன் தம்பி. ஆனால் விண்வெளியில் வெளியே வெறுமை இருக்கிறது. இங்கே வெளியே இருப்பது உள்ளே வரத் துடித்துக்கொண்டிருக்கிறது.

1989-ல் மட்டும் இந்த வகையில் படங்கள் வரிசையாக வந்தன. ஜனவரியில் 'டீப்ஸ்டார் சிக்ஸ்', மார்ச்சில் 'லெவியதான்', ஆகஸ்டில் ஜேம்ஸ் கேமரூனின் 'தி அபிஸ்'. முதல் இரண்டும் சுமாரான படங்கள்தான். 'லெவியதான்' படத்தின் ஜந்துவைத் திரை ஜந்துக்களை உருவாக்குவதில் பெயர்பெற்ற ஸ்டான் வின்ஸ்டன் குழு செய்தது, அதற்காக ஒருமுறை பார்க்கலாம்.

'தி அபிஸ்' வேறு தரம். அதைத் திகில் படம் என்று சொல்வதே சரியில்லைதான், அதில் வரும் உயிர்கள் அரக்கர்களும் இல்லை. ஆனாலும் இந்த வழிகாட்டியில் அதற்கு இடமுண்டு, ஏனென்றால் தண்ணீரை அவ்வளவு நெருக்கமாகக் காட்டிய படம் அரிது. கட்டி முடிக்காமல் விட்ட அணுமின் நிலையம் ஒன்றின் பிரம்மாண்டமான கான்கிரீட் கூட்டுக்குள் சுமார் 2.8 கோடி லிட்டர் தண்ணீரை நிரப்பி, அதற்குள் நடிகர்களை இறக்கி எடுத்தார்கள். சிறிய நீர்மூழ்கி வண்டிக்குள் இரண்டு பேர், ஒரே ஒரு சுவாசக்கருவி, ஏறிக்கொண்டே வரும் தண்ணீர் என்று ஒரு காட்சி வரும். அதில் எந்த ஜந்துவும் இல்லை. நான் பார்த்த நீரடிப் படங்களிலேயே மூச்சுமுட்ட வைத்த காட்சி அதுதான்.

பிறகு நேராக 2020-ல் வந்த 'அண்டர்வாட்டர்' படத்துக்கு வந்துவிடலாம். நடிகை கிறிஸ்டன் ஸ்டூவர்ட் பல் துலக்கிக்கொண்டிருக்கிறார், சில நிமிடங்களில் நிலையமே நொறுங்குகிறது. அறிமுகம், முன்கதை எதுவும் கிடையாது. கடலின் அடியில் நடந்தே போக வேண்டிய நிலை, கலங்கிய நீர், தலைக்கவச விளக்குக்கு முன்னால் இரண்டடி மட்டும் தெரியும் உலகம். வெளிவந்தபோது பெரிதாகப் பேசப்படாத படம், என்னைக் கேட்டால் நியாயமே இல்லை.

இந்தப் படங்களில் ஒரு தொழில் நுணுக்கம் உண்டு. எல்லாவற்றையும் தண்ணீருக்குள் எடுப்பதில்லை. அரங்கில் புகையைப் பரப்பி, நடிகரையும் பொருட்களையும் கம்பியில் தொங்கவிட்டு, காற்றாடியால் முடியையும் துணியையும் மெல்ல அசைத்து, தண்ணீர்போலத் தெரியும் ஒளியைப் பாய்ச்சி எடுப்பார்கள். 2017-ல் வந்த 'தி ஷேப் ஆஃப் வாட்டர்' படத்தின் தொடக்கக் காட்சி இப்படி எடுத்ததுதான். தெரிந்த பிறகும் தண்ணீர் என்றே நம்பத் தோன்றும்.

படி 6: ஆட்கள் குறைந்த சின்னப் படங்கள்

ஆழத்தில் நடக்கும் படங்களைவிட எனக்கு அதிகம் நடுக்கம் தருபவை இவை. ஆட்கள் குறைவு, சிலவற்றில் கரைகூடப் பக்கத்திலேயே இருக்கும்.

2003-ல் வந்த 'ஓப்பன் வாட்டர்' படத்தில் முக்குளிக்கப் போன கணவன் மனைவி இருவரை, தலை எண்ணியதில் தவறு நேர்ந்து படகு விட்டுவிட்டுப் போய்விடுகிறது. அவ்வளவுதான் கதை. சிறிய குழு, டிஜிட்டல் வீடியோ, நிஜச் சுறாக்கள். இருவரும் சண்டை போடுகிறார்கள், சமாதானமாகிறார்கள், யார் தவறு என்று வாதாடுகிறார்கள். கடல் எந்தப் பக்கமும் சாயாமல் அவர்களைச் சுமந்துகொண்டிருக்கிறது. வெட்டவெளியில் அடைபட்ட உணர்வை இதைவிட நன்றாகக் காட்டிய படத்தை நான் பார்க்கவில்லை. சிலருக்கு முதல் அரைமணி நேரம் சலிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2016-ல் வந்த 'தி ஷேலோஸ்' படத்தில் அலைச்சறுக்குக்குப் போன பெண் ஒரு சின்னப் பாறையில் சிக்கிக்கொள்கிறாள். கரை கண்ணெதிரே. ஆனால் கடல் ஏற்றத்தில் நீர்மட்டம் உயர்ந்தால் பாறை மூழ்கிவிடும். 2019-ல் வந்த 'கிரால்' புயல் வெள்ளத்தில் வீட்டுக்கு அடியிலேயே முதலைகளைக் கொண்டுவந்தது. நீங்கள் தண்ணீரிடம் போகாவிட்டால் தண்ணீர் உங்களிடம் வரும் என்பது அதன் யோசனை. ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், ஒரு காட்சி வீண் கிடையாது.

படி 7: விதியை மீறிய படத்தைப் பாருங்கள்

ஜந்துவை மறைத்து வை என்பதுதான் இந்த வகையின் முதல் விதி. கொரிய இயக்குநர் பாங் ஜூன் ஹோ 2006-ல் 'தி ஹோஸ்ட்' எடுத்தபோது அதைத் தூக்கிப் போட்டார். சியோல் நகரின் ஹான் நதிக்கரை, பட்டப்பகல், கூட்டம். படம் தொடங்கிக் கால்மணி நேரத்துக்குள் முழு ஜந்துவும் கரையில் ஓடிவந்துவிடுகிறது. வழுக்கி விழுகிறது, தடுமாறுகிறது, மறுபடி எழுந்து துரத்துகிறது.

அப்புறம் எப்படி பயம் வருகிறது? ஜந்துவைக் காட்டிவிட்டு, அது எடுத்துப் போன பெண்ணை மறைக்கிறார் இயக்குநர். ஒரு சாதாரணக் குடும்பம், காணாமல்போன மகள், உதவாத அரசாங்கம். 2000-ல் சியோலில் இருந்த அமெரிக்க ராணுவத் தளத்திலிருந்து ஃபார்மால்டிஹைடைச் சாக்கடையில் கொட்டிய நிஜச் சம்பவத்திலிருந்துதான் இந்தக் கதை தொடங்குகிறது. நதிக்குள் நாம் எதை ஊற்றினோமோ அது கால் முளைத்துத் திரும்பி வருகிறது. இந்த வகையில் என்னை அழவைத்த படம் இது ஒன்றுதான்.

படி 8: அடுத்த படத்தை நீங்களே தேர்ந்தெடுங்கள்

இத்தனையும் பார்த்த பிறகு வழிகாட்டி தேவைப்படாது. ஆனாலும் ஒரு படம் தேறுமா என்று முதல் இருபது நிமிடத்தில் நான் கணிக்கும் விதத்தைச் சொல்லிவிடுகிறேன். மனிதர்கள் தண்ணீரில் இறங்கும்போது தயங்குகிறார்களா? காற்று எவ்வளவு மிச்சம், கரை எவ்வளவு தூரம், படகு எங்கே நிற்கிறது என்று படம் நமக்குச் சொல்கிறதா? சொன்னால் நல்ல அறிகுறி. அளவு தெரிந்தால்தான் அது குறையும்போது பயம் வரும். தண்ணீர் கண்ணாடிபோலத் தெளிந்து, ஜந்து தலையிலிருந்து வால்வரை எப்போதும் தெரிந்துகொண்டே இருந்தால் அது திகில் படமாக இல்லாமல் சாகசப் படமாக இருக்கும். அதுவும் தவறில்லை. 2018-ல் வந்த 'தி மெக்' அப்படித்தான், சந்தோஷமாகப் பார்க்கலாம். அதன் நாயகனான மெகலடான் சுறா உண்மையில் சுமார் 36 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே அழிந்துவிட்டது.

1999-ல் வந்த 'டீப் ப்ளூ ஸீ' திகிலுக்கும் சாகசத்துக்கும் நடுவில் நிற்கும். யார் சாவார்கள், யார் பிழைப்பார்கள் என்று நாம் வைத்திருக்கும் கணக்கை ஒரே நொடியில் கலைக்கும் காட்சி அதில் உண்டு. யாரும் சொல்வதற்குள் பார்த்துவிடுங்கள்.

படி 9: பயத்தை நிஜச் சுறாவின் மேல் ஏற்றாதீர்கள்

இதை நான் மனப்பூர்வமாகச் சொல்கிறேன். சுறா கடித்து உலகம் முழுவதும் ஆண்டுக்கு இறப்பவர்களை இரண்டு கை விரல்களில் எண்ணிவிடலாம். மனிதர்கள் ஆண்டுக்குக் கொல்லும் சுறாக்கள் சுமார் 10 கோடி என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். 'ஜாஸ்' கதையை எழுதிய பீட்டர் பெஞ்ச்லி, தன் கதை சுறாக்களைப் பற்றி உண்டாக்கிய எண்ணத்துக்காக வருந்தி, கடைசிக் காலத்தைக் கடல் பாதுகாப்புக்காகச் செலவிட்டார். படத்துக்காக நிஜச் சுறாக்களைப் படம்பிடித்துத் தந்த ரான், வேலரி டெய்லர் தம்பதியும் பிறகு சுறாக்களைக் காப்பாற்றவே பாடுபட்டார்கள். குழந்தைகளோடு சேர்ந்து பார்க்கிறீர்கள் என்றால், படம் முடிந்ததும் இதையும் பேசுங்கள்.

படி 10: மறுபடியும் ஜாஸ்

எல்லாம் பார்த்து முடித்த பிறகு, அந்தக் கடற்கரைக் காட்சியை மட்டும் சத்தத்தை அணைத்துவிட்டுப் போடுங்கள். தண்ணீரைக் கண்டால் ஆகாத காவல் அதிகாரி பிராடி மணலில் உட்கார்ந்து கடலையே பார்த்துக்கொண்டிருப்பார். ஆட்கள் குறுக்கே நடந்து போவார்கள். ஒவ்வொருவரும் திரையை மறைத்து விலகும்போது ஷாட் மாறி, பிராடியின் முகம் கொஞ்சம் கிட்டே வந்திருக்கும். எடிட்டிங்குக்காக ஆஸ்கர் வாங்கிய வெர்னா ஃபீல்ட்ஸின் கை அது. யாரோ ஒருவர் வந்து அவரிடம் பேச்சுக் கொடுப்பார், அவர் அந்த ஆளின் தோளுக்கு மேலாகத் தண்ணீரைத் தேடுவார். நீங்களும் கழுத்தை நீட்டித் தேடுவீர்கள்.